கெண்டல் துரையின் கட்டைவிரல்

1

பூனாவில், போபோடியில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் பிரசவ வீடு இருக்கிறது. இரண்டு அறை, முன்னால் ஒரு வராந்தா, வராந்தா உத்தரத்தில், பிள்ளை பிறந்தால் அடிக்க ஒரு பித்தளை மணி. வருஷத்துக்கு ஒருமுறை, கெண்டல் துரை இறந்த நாளில், அந்த மணியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்போம். கழுவித் துடைத்து ஒரே ஒரு தடவை அடிப்போம். அப்புறம் ஆளுக்கு ஒரு வடாபாவ் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவோம். இதுதான் எங்கள் திருவிழா.

இந்த வருஷம் தேய்க்கவில்லை. நான்தான் கூடாது என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எழுதத்தான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்து மூன்று நாளாகிறது.

என் பேர் பச்சையம்மாள். குடியாத்தம் பக்கத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் கல்யாணமாகிப் பூனாவுக்கு ரயில் ஏறினேன். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எழுத்துப் படித்ததெல்லாம் இங்கேதான், இந்த வராந்தாவில், மத்தியான வேளைகளில், இங்கே பிரசவம் பார்த்த லில்லி நர்சம்மாவிடம். அப்போது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. அதனால் மெதுவாகத்தான் எழுத வரும். ஊரில் இருக்கிற நீங்களும் மெதுவாகவே படியுங்கள், ஒன்றும் ஓடிப்போய்விடாது.

என் மகன் ரவி இதைப் படிக்க மாட்டான். அவனுக்குத் தமிழ் பேச வரும், அதுவும் பாதி இந்தியோடு. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பூனாவுக்கு வெளியே சாகணில் கார் கம்பெனியில் இஞ்சினியர். "நீ இன்னா எழுதினேன்னு போன்லயே சொல்லிடும்மா, நான் சுன்லேதா ஹூம், கேட்டுக்கறேன்" என்கிறான். சொல்ல மாட்டேன். வேண்டுமானால் படித்துக்கொள்ளட்டும்.

2

துரையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

துரை என்றதும் பெரிய பங்களாவும் குதிரையும் உங்களுக்கு ஞாபகம் வரும். கெண்டல் துரையிடம் இருந்தது ஒரு சைக்கிள். அவருடைய அப்பா இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊரில் வார்ப்படப் பட்டறைக் கூலி. இவர் சண்டைக்கு ஆள் எடுத்தபோது பட்டாளத்தில் சேர்ந்து, லாரி ரிப்பேர் பார்க்கிற பிரிவில் பர்மாப் பக்கம் போனார். அங்கே ஒரு குண்டுத் துண்டு அவருடைய இடது கட்டைவிரலைக் குறுக்கே பிளந்துவிட்டது. நகத்தின் ஒரு ஓரத்தில் தொடங்கி ரேகை மேட்டைக் கடந்து கணு வரைக்கும் சாய்வாக ஒரு பள்ளம். தைத்தவன் அவசரத்தில் தைத்திருப்பான் போல. விரலே இரண்டு துண்டை ஒட்டவைத்த மாதிரி இருக்கும்.

சண்டை முடிந்து, சுதந்திரம் வந்து, அவருடைய ஆட்கள் எல்லாம் கப்பல் ஏறினார்கள். இவர் ஏறவில்லை. போபோடியில் ஒரு தகரக் கொட்டகை எடுத்துப் பித்தளைக் குழாய் வார்க்கிற பட்டறை போட்டார். ஏன் போகவில்லை என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டாராம். "அங்கே போனா நான் கூலி. இங்கே நான் மாலிக், முதலாளி" என்று சிரித்தாராம். உண்மையைச் சொல்கிற மனுஷன்.

தெய்வம் என்று சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் ஒழுகுகிற குழாயைத் தூக்கி எறிவார். என் வீட்டுக்காரர் மணலில் அச்சு போடுகிற மோல்டர், ஒருமுறை குனிந்ததால் தப்பித்தார். பட்டாளத்தில் கூட இருந்த மதராஸ் சிப்பாய்கள் துரைக்குத் தமிழ் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நல்ல தமிழ் நாலு வார்த்தை, மீதியெல்லாம் நான் இங்கே எழுத முடியாத வார்த்தை.

நான் வேலை பார்த்தது கோர் ஷெட்டில். அது என்ன என்று கேட்பீர்கள். குழாய்க்குள்ளே தண்ணீர் ஓட ஓட்டை வேண்டும் அல்லவா? அந்த ஓட்டையின் உருவத்தை மணலில் செய்து, சுட்டு, அச்சுக்குள்ளே வைப்பார்கள். அதைச் சுற்றிப் பித்தளையை ஊற்றுவார்கள். ஆறின பிறகு மணலை உடைத்து எடுத்துவிட்டால் உள்ளே வெறும் இடம். அந்த மணல் உருவத்துக்குப் பேர்தான் கோர். மணலில் ஆளிவிதை எண்ணெயும் பாகும் பிசைந்து நாங்கள் பன்னிரண்டு பெண்கள் செய்வோம். "கம்பெனியில இன்னா செய்யிறே?" என்று ஊரில் கேட்டால், "ஓட்டை செய்யிறேன்" என்பேன். எங்கம்மா நம்பவே இல்லை.

என் முதல் பிள்ளை இந்த ரயில்வே கேட்டில் போய்விட்டது. வலி எடுத்து டாங்கா குதிரை வண்டியில் ஏற்றினார்கள், கேட் மூடியிருந்தது, சரக்கு வண்டி நின்றுவிட்டது. அவ்வளவுதான், அதற்கு மேல் எழுதப் போவதில்லை. மறுநாள் துரை எங்கள் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அடுத்த மாதம் பட்டறைக்குப் பக்கத்திலேயே, கேட்டுக்கு இந்தப் பக்கம், அஸ்திவாரம் தோண்டினார்கள். அதுதான் இந்தப் பிரசவ வீடு. கோர் ஷெட் பெண்கள் பன்னிரண்டு பேர் பெயருக்கும் அதை எழுதிக் கொடுத்தார்.

எழுதிக் கொடுத்த அன்றைக்கு நடந்ததுதான் விஷயம். பத்திரத்தில் நாங்கள் வரிசையாக ரேகை வைத்தோம். எங்களில் ஒருத்திக்கும் கையெழுத்து வராது. கடைசியில் வக்கீல் பேனாவைத் துரையிடம் நீட்டினார். துரை எங்கள் கையை எல்லாம் பார்த்தார். எல்லாருடைய கட்டைவிரலிலும் மை. பேனாவைத் தள்ளிவிட்டு மைப்பெட்டியை இழுத்துக்கொண்டார்.

"நான் பட்டறைக்காரன். எல்லாரும் அங்கூட்டா, கட்டைவிரல். நானும் அங்கூட்டா."

"சார், நீங்க படிச்சவரு, ரேகை வைக்கக்கூடாது சார்" என்று வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். துரை கேட்கவில்லை. பிளந்த விரலை அமுக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நாங்கள் சிரித்தோம். வக்கீல் மட்டும்தான் சிரிக்கவில்லை. அந்த ஆளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

3

துரை போய், பட்டறையும் மூடி, எத்தனையோ கை மாறிவிட்டது. இப்போது அந்த நிலத்தை வாங்கினவர்கள் அடுக்கு மாடி கட்டப் போகிறார்கள். பிரசவ வீடும் தங்கள் நிலத்தில்தான் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஒருநாள் காலையில் சுவரில் சர்க்கார் நோட்டீஸ். பதினைந்து நாளில் உரிமையை நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் இடிப்பார்கள்.

இப்போது அங்கே பிரசவம் நடப்பதில்லை என்பது நிஜம். ஆனால் வாரம் இரண்டு நாள் நர்ஸ் வருகிறாள், குழந்தைகளுக்கு ஊசி போடுகிறாள், மாசமான பெண்களுக்கு ரத்தம் பார்க்கிறாள். அவர்கள் கேட்டைத் தாண்ட வேண்டாம், அதுதான் எனக்கு முக்கியம்.

பன்னிரண்டு பேரில் மிச்சம் இருப்பது நானும் சகுந்தலாவும். இரண்டு பேரும் டிரங்குப் பெட்டியில் இருந்த பத்திரத்தை எடுத்துக்கொண்டு நோட்டீஸ் ஒட்டின ஆபீசுக்குப் போனோம். நாலு மேஜை சுற்றிவிட்டு ஐந்தாவது மேஜைக்கு வந்தோம். அங்கே ஒரு மேடம் இருந்தார். சின்ன வயசு, பொறுமையான முகம். அவர் மராத்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். மாவ்ஷி என்றால் சித்தி.

"மாவ்ஷி, பதிவுப் புத்தகத்துல இந்தப் பக்கத்தைப் பூச்சி அரிச்சிருக்கு. உங்க கையில இருக்கிறது ஒண்ணுதான் ஆதாரம். ஆனா இதுல ஒரு சந்தேகம் எழுப்பியிருக்காங்க."

"என்ன சந்தேகம்?"

"கெண்டல் சாகேபோட மத்த எல்லாக் காகிதத்திலயும் அழகாக் கையெழுத்து இருக்கு. இதுல மட்டும் ரேகை. படிச்ச வெள்ளைக்காரர், பட்டாளத்துல இருந்தவர், அவர் எதுக்கு ரேகை வைக்கணும்? இது பொய்ப் பத்திரம்னு சொல்றாங்க."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. என் மராத்தி நல்ல மராத்தி, காய்கறிக்காரியே என்னிடம் பேரம் பேசப் பயப்படுவாள். ஆனால் அன்றைக்கு மராத்தி வரவில்லை. தமிழிலேயே கத்தியிருக்கிறேன்.

"எங்களுக்காக வச்சாருமா! எங்களுக்காக!"

சகுந்தலா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஏய், அந்தப் பொண்ணுக்கு இன்னாடி புரியும்? மராத்தியில கத்து."

மராத்தியில் கத்தினேன். மேடம் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் கேட்டார்: "இந்த ரேகை அவரோடதுதான்னு காட்ட வேற ஏதாவது இருக்கா மாவ்ஷி? போட்டோ, பழைய சாமான், ஏதாவது?"

இருக்கிறதே! ஞாபகம் வந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிரசவ வீட்டு மணி எங்கள் பட்டறையிலேயே வார்த்தது. அச்சு போட்டபோது துரை தன் இடது கட்டைவிரலை மணலில் அமுக்கி வைத்தார். மணியின் வெளிப்பக்கத்தில் அவர் விரல் அப்படியே பித்தளையில் புடைத்துக்கொண்டு வந்தது, வெட்டுப் பள்ளத்தோடு. மேடத்திடம் சொன்னேன். வந்து பாருங்கள் என்றேன். துரை நினைவு நாள் அன்றைக்கே வருவதாக எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் பாட்டுப் பாடினேன் என்று சகுந்தலா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

4

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மணிக்குப் போனோம். ஸ்டூலைப் போட்டு ஏறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

விரல் இல்லை.

சுற்றிச் சுற்றித் தடவினேன். வழவழவென்று இருந்தது. விரல் இருந்த இடத்தில் லேசாக ஒரு மேடு, கொசு கடித்த மாதிரி. அவ்வளவுதான்.

சகுந்தலா கீழே நின்றுகொண்டு கேட்டாள்.

"வருஷா வருஷம் யார் தேய்ச்சது?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும் தேய்ச்சிட்டுக் குந்திடுவோம். அதுக்கப்புறமும் ஒருத்தி சாம்பலை அள்ளிப் போட்டு, முகம் தெரியற மாதிரி பளபளன்னு இருக்கணும்னு, கை ஒடிய ஒடியத் தேய்ப்பாளே. அவ யாருடி?"

நான்தான். ஒரு வருஷம் விட்டதில்லை. துரைக்கு மரியாதை என்று நினைத்து அவருடைய விரலையே தேய்த்து எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி ரவிக்குப் போன் போட்டேன்.

"விடும்மா" என்றான். "ஜானே தோ. இங்க வந்து எங்க கூட இரு. எத்தன தடவ சொல்றது? அந்த பில்டிங்ல இன்னா இருக்கு?"

"நீ பொறந்த இடம்டா அது. அங்க மொதமொத பொறந்தவனே நீதான். உனக்காகத்தான் மொத மணி அடிச்சாங்க."

"மாலும் ஹை அம்மா, தெரியும்" என்று வைத்துவிட்டான்.

5

நினைவு நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்து ரேஷன் கடையிலும் அரிசி போடுகிற நாள். மேடம் பதினோரு மணிக்கு வருவார். அதற்குள் அரிசி வாங்கிவிடலாம் என்று வரிசையில் நின்றேன். மனசு அங்கே இல்லை.

ரேஷன் கடையில் இப்போது மெஷினில் விரல் வைக்க வேண்டும். எனக்கும் சகுந்தலாவுக்கும் ஒருநாளும் முதல் தடவையில் எடுக்காது. மணல், மணல், வருஷக் கணக்காக மணல். கோர் ஷெட் பெண்கள் கையில் ரேகை எங்கே இருக்கும்? அன்றைக்கும் வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், ஒன்றுக்கும் மெஷின் மசியவில்லை. கடைக்காரன் எங்களை வெகுநாளாகத் தெரிந்தவன், கிண்டல் பேர்வழி.

"உங்க அங்கூட்டாவை எங்கே விட்டுட்டு வந்தீங்க மாவ்ஷி? போய் எடுத்துட்டு வாங்க, அரிசி தர்றேன்."

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தேன்.

எங்கே விட்டேன்? எனக்குத் தெரியுமே!

மணிக்கும் கோர் உண்டு. மணிக்குள்ளே வெறும் இடம் வேண்டாமா? அந்தக் கோரைச் செய்தது யார்? நான்தான். பெரிய கோர், ஒரு குடம் அளவு. கோர் அச்சுப் பெட்டியைத் திறந்து ஈரத்தோடு நிற்க வைத்திருந்தேன், அடுப்பில் வைக்கப் போகிற நேரம். துரை வந்தார். மணல் பதமா என்று பார்க்கிற பழக்கத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கிவிட்டார். குழி விழுந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

"துரை, கெடுத்துட்டீங்களே! ரெண்டு நாள் வேலை!"

துரை விரலைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். தன் நாலு வார்த்தைத் தமிழில் சொன்னார்: "பச்சம்மா, நீயும் வை. உள்ளே. யாரு பாப்பாங்க?"

நானும் பக்கத்திலேயே அமுக்கினேன். அந்தக் கோரைச் சுட்டு, அச்சில் வைத்துப் பித்தளை ஊற்றினார்கள். வெளியிலும் ஒன்று இருக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியதே கோரில் விரல் பட்ட பிறகுதான். மணியைக் கட்டுகிற அவசரத்தில் உள்ளே ஒட்டியிருந்த கருகின மணலை யாரும் சுரண்டவில்லை. உள்ளே விரல் விழுந்ததா இல்லையா, நான் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. வெளியில்தான் ஒன்று இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். தேய்த்ததும் வெளிப்பக்கம் மட்டும்தான்.

அரிசிப் பையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். ஆமாம், ஓடினேன். இந்த வயசில் போபோடிச் சந்தில் ஓடினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

6

மேடம் ஏற்கெனவே வந்துவிட்டார். கூட ஒரு குமாஸ்தா, நிலம் வாங்கினவர்கள் தரப்பில் ஒரு ஆள். சகுந்தலா அவர்களுக்கு நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் புளி உருண்டை, வாளியில் சாம்பல். என்ன செய்வது என்று தெரியாமல் வழக்கப்படி தேய்க்கக் கிளம்பியிருக்கிறாள்!

"தொடாதே!" என்று சந்து முனையிலிருந்தே கத்தினேன்.

பக்கத்தில் ரவி நின்றான். வருவதாகச் சொல்லவே இல்லை. கம்பெனிச் சட்டையோடு, தலையைச் சொறிந்துகொண்டு, "ஆதா தின், அரை நாள் லீவ் போட்டேன்" என்றான்.

எனக்கு மூச்சு வாங்கியது. மேடம் கையைப் பிடித்து, உள்ளே, உள்ளே, என்றேன். மணிக்கு உள்ளே.

ரவி ஏணியில் ஏறினான். அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, தொந்தி இடித்தது. மொபைல் விளக்கை உள்ளே அடித்தான்.

"அம்மா, உள்ள பூரா கரி. மண்ணு மாதிரி கல்லாட்டம் ஒட்டினு கீது. ஸ்க்ரூடிரைவர் போட்டு சுரண்டட்டா?"

"கையை ஒடிச்சிடுவேன்! தண்ணி விட்டு ஊற வை. பல் பிரஷ் போட்டுத் தேய். என் ராசா, மெதுவா, குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி."

நிலக்காரரின் ஆள் கடிகாரத்தைப் பார்த்தான். "எவ்வளவு நேரம் மேடம் இந்த நாடகம்?" என்றான்.

மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கு நேரம் இருக்கு" என்றார்.

கறுப்புத் தண்ணீர் ரவியின் முழங்கையில் வழிந்து சட்டையில் சொட்டியது. கம்பெனிச் சட்டை வீணாகிறதே என்று எனக்கு அந்த நேரத்திலும் தோன்றியது. ஒரு பெரிய பொறுக்கு பிளந்து கீழே விழுந்தது. நான் செய்த மணல். குனிந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

ரவி தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

"இன்னாடா?"

மொபைல் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"டேய், இன்னாடா?"

"ரெண்டு இருக்குதும்மா" என்றான். "ரெண்டு விரல். ஒண்ணு பெரிசு, குறுக்க வெட்டு. பக்கத்துல ஒண்ணு சின்னது."

சகுந்தலா வாளியைக் கீழே போட்டாள். சாம்பல் வராந்தா பூராவும் பறந்தது.

மேடம் புடவையைச் சொருகிக்கொண்டு தானே ஏணியில் ஏறினார். படம் எடுத்தார், இறங்கினார், பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். பத்திரத்தில் துரை ரேகையில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. படத்தில் அதே பள்ளம், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பக்கம் மாறி. அப்புறம் வரிசையில் மூன்றாவதாக இருந்த என் ரேகையைப் பார்த்தார். மணிக்குள்ளே சின்ன விரலைப் பார்த்தார். தங்கம் உருக்கி ஊற்றின மாதிரி சுழி சுழியாகக் கோடு தெரிந்தது.

"மாவ்ஷி, உங்க விரலைக் காட்டுங்க."

காட்டினேன். வெறும் தோல். மேடம் அதைத் தன் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இந்தப் பத்திரத்துல இருக்கிற ரெண்டு பேரு இந்த மணிக்குள்ள பக்கத்துப் பக்கத்துல இருக்காங்க" என்று நிலக்காரரின் ஆளிடம் சொன்னார். "இதையும் பொய்யா வார்த்தாங்கன்னு எழுதிக் குடுக்கிறீங்களா?" அவன் மணியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அங்கேயே பஞ்சநாமா எழுதினார்கள். கண்ணால் பார்த்ததை அந்த இடத்திலேயே எழுதி, சாட்சிகளிடம் ஒப்புதல் வாங்குகிற காகிதம் அது. நோட்டீசை நிறுத்தி வைப்பதாகவும், கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது என்றும் மேடம் தன் கையால் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டினார். மேலே அனுப்புவாராம், முடிவு வரக் கொஞ்ச நாளாகுமாம். ஆகட்டும், நாங்கள் எங்கும் போகவில்லை.

சாட்சி என்று என்னைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டுப் பழக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினான்.

ஈர மை, நீல நிறம். அன்றைக்குத் துரை இழுத்துக்கொண்ட மாதிரியே பெட்டி. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு மூடியை மூடி அவன் பக்கமே தள்ளினேன்.

"பேனா குடுப்பா."

காகிதத்தை நேராக வைத்துக்கொண்டேன். ப போட்டேன். ச் எழுதிப் புள்ளி வைத்தேன். சை எழுத மட்டும் எனக்கு எப்போதும் நேரமாகும். சகுந்தலா, "சீக்கிரம்டி, டீ ஆறுது" என்றாள். ஆறட்டும் என்றேன். வேறு ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. மேடம் நின்றுகொண்டே இருந்தார். ரவி கரிக் கையோடு என் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி ளகரத்தின் சுழியை முடித்துப் புள்ளி வைத்ததும், யாரும் சொல்லாமல் அவனே போய் மணியை அடித்தான்.